பேர் சொல்லிக் கூப்பிடாத பொற்கொடி

ஆவுடையார்கோவில் பக்கமிருந்து வரும் பஸ் அறந்தாங்கிக்குள் நுழைந்ததும், பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே கண்டக்டர் ராமு ஒரு விசில் கொடுப்பான். அங்கே நிறுத்தம் என்று பலகை எதுவும் கிடையாது. ஒரு டயர் கடை, ஒரு மருந்துக் கடை, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்கேன் சென்டர், அவ்வளவுதான். பொற்கொடி தினமும் இறங்கி இறங்கியே பதினான்கு வருஷத்தில் அது ஒரு நிறுத்தமாகிவிட்டது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு வரும் கர்ப்பிணிகளும் இப்போது அங்கேதான் இறங்குகிறார்கள். "பொற்கொடியக்கா ஸ்டாப்பெல்லாம் முன்னாடி வாங்க" என்று ராமு கூப்பிடுவான். ஊரில் அவள் பெயரில் இருந்த ஒரே சொத்து அந்த நிறுத்தம்தான்.

சென்டரில் அவளுக்கு இன்ன வேலை என்று கிடையாது. பதிவேட்டில் பெயர் எழுதுவாள். தண்ணீர் ஊற்றிக் கொடுப்பாள். படுக்கை விரிப்பை மாற்றுவாள், வயிற்றில் தடவின பசையைத் துடைக்கப் பஞ்சு எடுத்து நீட்டுவாள், ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுப்பாள். பத்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் கவருக்குள் போகும் ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்து எந்த வரி வந்தால் நல்லது, எந்த வரி வந்தால் டாக்டர் முகம் மாறும் என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

காலை எட்டு மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிடும். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் படம் தெளிவாகத் தெரியும் என்பதால், வந்தவர்களெல்லாம் தண்ணீரைக் குடித்துவிட்டுக் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"இன்னும் ரெண்டு டம்ளர் குடி" என்பாள் பொற்கொடி.

"முட்டிக்கிட்டு நிக்குதுக்கா. இதுக்கு மேல அடக்க முடியாது."

"புருஷன அடக்கி வச்சிருக்கவ, இத அடக்க மாட்டியா?"

கூடம் சிரிக்கும். சிரிக்கச் சிரிக்க இன்னும் முட்டும். "சிரிக்க வைக்காதீங்கக்கா, இங்கேயே போயிரும்" என்று யாராவது கெஞ்சுவார்கள்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அட்டையில் எண் எழுதி, மேலே பிளாஸ்டிக் ஒட்டிய டோக்கன்தான். "ஏழு வாங்க, எட்டு ரெடியா இருங்க." மற்ற இடங்களிலும் டோக்கன் உண்டு, ஆனால் இங்கே அது வந்த கதை வேறு.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். பதிவேட்டில் எழுதியிருக்கிறபடியே பெயரையும் பக்கத்திலிருப்பதையும் சேர்த்து உரக்க வாசித்துக் கூப்பிடுவாள். கல்யாணமானவர்களுக்குக் கணவர் பெயர், ஆகாதவர்களுக்குத் தகப்பனார் பெயர். ஒருநாள் மணமேல்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தனியாக வந்திருந்தாள். பதினெட்டு வயசு இருக்கும். அடிவயிற்றில் வலி. பொற்கொடி அவள் பெயரை வாசித்து, "தகப்பனார் பேரு..." என்று தொடங்கியதும் கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. அந்தப் பக்கத்தில் ஸ்கேன் என்றால் பிள்ளைதான். மூலையிலிருந்த ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் காதில் என்னவோ சொன்னாள். அந்தப் பெண் எழுந்தாள். ஸ்கேன் அறைக்குள் போகவில்லை. குடித்த தண்ணீரும் வலியுமாக வாசலைப் பார்த்து நடந்து வெளியே போய்விட்டாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்பது பொற்கொடிக்கு இன்றுவரை தெரியாது.

அன்று மத்தியானமே டாக்டரம்மா பிரகதாம்பாளிடம் போய் நின்றாள்.

"மேடம், இனிமே பேரு கூப்பிட வேணாம். நம்பர் போட்டுருவோம்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "இது எனக்குத் தோணவே இல்லையே பொற்கொடி" என்றார். மறுநாள் டோக்கன் வந்துவிட்டது.

வயிற்று வலியென்று வயசுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்களைத் தேற்றுவதும் அவள் வேலையாகிவிட்டது. எல்லா அம்மாவும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். "இந்த ஸ்கேன் வேணாம்மா. அந்த மெஷினுக்குள்ள விட்டு எடுப்பாங்களே, அந்தப் பெரிய ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க." பெரிய ஸ்கேன் என்றால் தலையில் அடிபட்டவன், வண்டியிலிருந்து விழுந்தவன் எடுப்பது. அதில் மானக்கேடு இல்லை. பெரியது என்பதால் எல்லாம் தெரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை வேறு.

டாக்டரம்மா அவளுக்கு முதலில் சொன்னதைத்தான் அவளும் அவர்களுக்குச் சொல்வாள். "சிடி ஸ்கேன்ல எக்ஸ்ரே கதிருதாம்மா. அதையே நெறையா விட்டுப் படம் படமா அடுக்கறாங்க. தேவைப்பட்டா எடுத்துத்தான் ஆகணும், தப்பில்ல. ஆனா சின்ன வயசுப் புள்ளைக்கு, அதுவும் சினைப்பை இருக்கற எடத்துல, மொதல்லயே எதுக்கு? இங்க கதிரே கெடையாது. சத்தத்த உள்ள அனுப்பி, அது திரும்பி வாரத வச்சுப் பாக்கறாங்க. சினைப்பை இதுலதான் நல்லாத் தெரியும். ரத்தம் ஓடுதா நிக்குதான்னு கூடத் தெரியும். இதுல தெரியலைன்னா டாக்டரே பெரிய ஸ்கேனுக்கு அனுப்புவாங்க."

மீமிசல் காத்தாயி அப்படி வந்தவள்தான். மீன் விற்கிறவள். மகளுக்கு விடிகாலையிலிருந்து வலியும் வாந்தியும். கூடத்தின் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றாள். "எங்க ஊரு ஆளுக ரெண்டு பேரு உக்காந்திருக்காளுக. நான் வரமாட்டேன். நாளைக்கு மீன் கூடையில வச்சு எம் மக பேரையும் சேத்து வித்துருவாளுக."

"பின்னால ஒரு வழி இருக்கு, வாங்க" என்று பொற்கொடி ஜெனரேட்டர் வைத்திருக்கும் சந்து வழியாக மகளைத் தோளில் தாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டாள். சினைப்பை முறுக்கிக்கொண்டு, அதற்கு ரத்தம் போவது தடைபட்டிருந்தது. இரண்டு மணி நேரத்தில் ஆப்பரேஷன் நடந்து, முறுக்கைப் பிரித்துவிட்டார்கள், சினைப்பை பிழைத்தது. அந்த வருஷம் முழுக்கப் பொற்கொடி வீட்டுக்கு வஞ்சிரம் வந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், இனிச் சொல்லப்போவது அவளுக்கு விவரம் தெரியாமல் நடந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதுதான்.

பொற்கொடியின் மகள் கார்த்திகா. ஒரே பிள்ளை. பி.காம். முடித்துவிட்டு ஆவுடையார்கோவிலில் ஒரு இ-சேவை மையத்தில் இருந்தாள். அப்பா திருப்பதி மலேசியாவில், ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். கார்த்திகாவுக்கு இருபத்தோரு வயசில் ஒருமுறை அடிவயிற்றில் வலி வந்தது. அரை நாள் துடித்தாள். பொற்கொடி அவளை அறந்தாங்கிக்குக் கூட்டிவரவில்லை. தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்ப் பெரிய ஸ்கேனே எடுத்தாள். ஊரில் கேட்டவர்களிடம் குடல்வால் என்று சொல்லிக்கொண்டாள். வலியும் அதற்குள் நின்றுவிட்டது.

ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு வரி இருந்தது. வலது சினைப்பையில் ஒரு கட்டி தெரிகிறது, அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கவும் என்று. அந்த வரியை அவள் எத்தனையோ பேரின் கவரில் பார்த்திருக்கிறாள். கொண்டுவந்தவர்களை உட்கார வைத்து, டோக்கன் கொடுத்து, உள்ளே அனுப்பியிருக்கிறாள். மகளுடைய கவரைப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தாள். அடுத்த மாதம் பார்ப்போம் என்றுதான் வைத்தாள். அடுத்த மாதம் மாப்பிள்ளை வீடு வந்துவிட்டது.

மாப்பிள்ளை அரவிந்த்குமார். மணமேல்குடி. சென்னையில் கம்பெனி வேலை. நல்ல பையன் என்று எல்லாரும் சொன்னார்கள். கார்த்திகாவும் போனில் பேசிவிட்டு அப்படித்தான் சொன்னாள். ஆவணியில் நிச்சயம் செய்து, தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா அமுதவல்லி அப்போது ஐந்து மாதம். பொற்கொடி இருக்கும் சென்டருக்குத்தான் ஸ்கேனுக்கு வருவாள். "அத்தை, எனக்கு மட்டும் ரெண்டு டம்ளர் கொறச்சலா ஊத்துங்க" என்று உரிமையோடு கேட்பாள். பொற்கொடிக்கு அந்த ‘அத்தை’யில் நெஞ்சு குளிர்ந்துபோகும்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. காலை ஐந்தரை மணிக்குக் கார்த்திகா அடுப்படியில் சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். வலது பக்கம் அடிவயிறு. இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். முகம் வெளுத்து, உதட்டுக்கு மேல் வேர்த்திருந்தது. அந்த முகத்தைப் பொற்கொடி முன்னால் பார்த்திருக்கிறாள். காத்தாயி மகளின் முகம்.

போனை எடுத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். மூன்று முறை மணி அடித்தது. நான்காவதற்குள் கட் செய்துவிட்டாள்.

ஏனென்றால் எடுத்தால் அவர் என்ன சொல்வார் என்று தெரியும். "ஒடனே கூட்டிக்கிட்டு வா" என்பார். அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு முதல் டோக்கன் அமுதவல்லியுடையது. ஏழாம் மாத ஸ்கேன். முந்தின நாள் பொற்கொடியே பதிவேட்டில் எழுதியிருந்தாள். தன் மாமியாரும் கூட வருவதாக அமுதவல்லி சொல்லியிருந்தாள். டோக்கன் போட்டு ஊரார் மகள்களை எல்லாம் மறைத்துவிடலாம். கார்த்திகாவை எந்த எண்ணுக்குப் பின்னால் மறைப்பது? பின்வழி இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தைப் பார்த்து இப்போது கூடத்தில் ஒரு ஜன்னல் வைத்திருந்தார்கள்.

"அம்மா, டாக்டரம்மாட்டப் போவோம்மா" என்றாள் கார்த்திகா.

"தஞ்சாவூரு போயிருவோம் ஆத்தா. அங்க பெரிய ஸ்கேனா எடுத்துரலாம். போன தடவையும் அங்கதான சரியாச்சு."

"அவ்வளவு தூரம் என்னால முடியாதும்மா."

"நான் இருக்கேன்ல. மடியில படுத்துக்க."

வாடகைக் கார் பிடிக்க நினைத்தாள். ஊரில் ஒரே ஒரு கார்தான். அது கல்யாணத்துக்குப் போயிருந்தது. ஏழு மணி பஸ்ஸில் ஏறினார்கள். இரண்டு பேர் இருக்கையில் மகளைச் சாய்த்துத் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ராமு டிக்கெட் கொடுக்க வந்தான்.

"என்னக்கா, பாப்பாவுக்கு ஒடம்புக்கு என்ன?"

"பித்தம்டா. ராத்திரி கண்டதத் தின்னுருக்கா."

அறந்தாங்கி வந்தது. டயர் கடை தெரிந்தது. கேட்காமலேயே ராமு விசில் கொடுத்தான். பஸ் நின்றது. பஸ்ஸிலிருந்த இரண்டு கர்ப்பிணிகள் மெதுவாக இறங்கினார்கள். கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. டாக்டரம்மாவின் வெள்ளைக் கார் வாசலில் நின்றது. வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் முன்னாலேயே வந்திருந்தார். அதற்குப் பக்கத்தில் ஒரு ஆட்டோ. ஆட்டோவிலிருந்து அமுதவல்லி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எறங்கலையா? ஒங்க ஸ்டாப்பு" என்றான் ராமு.

பொற்கொடி முந்தானையை இழுத்து மகளின் முகத்தை மூடினாள்.

"இல்லடா. இன்னைக்கு லீவு."

ராமு அவளைப் பார்த்தான், மடியில் கிடந்தவளைப் பார்த்தான். விசில் கொடுத்தான். பஸ் நகர்ந்தது. முந்தானைக்குள்ளிருந்து கார்த்திகாவின் கை வெளியே வந்து முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தது. அவள் தூங்குகிறாள் என்று பொற்கொடி நினைத்திருந்தாள்.

தஞ்சாவூர் போய்ச் சேரப் பத்தரை ஆயிற்று. பெரிய ஸ்கேன் எடுக்கும் இடத்தில் உடனே எடுத்துவிட முடியாது. வயசுப் பெண் என்பதால் முதலில், கர்ப்பம் இல்லையென்று தெரிய, ஒரு குப்பியைக் கொடுத்து மூத்திரம் பிடித்துவரச் சொன்னார்கள். "கல்யாணம் ஆகலீங்க" என்றாள் பொற்கொடி, முகம் சிவந்து. "யாரா இருந்தாலும் பாக்கணும்மா, கதிர் விடுற மெஷின்ல" என்றாள் அங்கிருந்த பெண். இந்தக் கதிரைப் பற்றித்தான் பொற்கொடி எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். பிறகு ரத்தம் எடுத்தார்கள். படத்துக்காக ஊசியில் ஏற்றும் மருந்தைச் சிறுநீரகம் தாங்குமா என்று பார்க்க வேண்டுமாம். அந்த முடிவு வர ஒரு மணிக்கு மேல் ஆயிற்று. நடுவில் கார்த்திகா மூன்று முறை வாந்தி எடுத்தாள். நாலாவது முறை எடுக்க ஒன்றும் இல்லை. இரண்டு மணிக்கு மெஷினுக்குள் அனுப்பினார்கள்.

படம் பார்த்த டாக்டர் சின்ன வயசுக்காரர். வெளியே வந்தார்.

"சினைப்பை வீங்கியிருக்கு. கட்டி பெருசாயிருக்கு. முறுக்கியிருக்குன்னு நெனைக்கிறேன். ரத்த ஓட்டம் இருக்கான்னு அல்ட்ராசவுண்டுல ஒடனே பாக்கணும்." பேசிக்கொண்டே, பொற்கொடி பீரோவிலிருந்து எடுத்துவந்திருந்த பழைய ரிப்போர்ட்டைப் புரட்டியவர் கடைசி வரியில் நின்றார். "இதுலயே எழுதியிருக்காங்களேம்மா. பாக்கலையா? எங்கேருந்து வாரீங்க?"

"ஆவுடையார்கோவிலுக்கு அங்கிட்டு."

"வழியில எங்கயுமே ஸ்கேன் சென்டர் இல்லையா?"

பொற்கொடி வாயைத் திறந்தாள். கார்த்திகா தள்ளுவண்டியில் படுத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று கேட்கத்தான் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்போல.

"தெரியலீங்க சார்" என்றாள் பொற்கொடி.

கார்த்திகா கண்ணை மூடிக்கொண்டாள்.

அல்ட்ராசவுண்டில் ரத்த ஓட்டம் இல்லை. பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரியில் ஐந்து மணிக்கு ஆப்பரேஷன் நடந்தது. வெளியே வந்த பெண் டாக்டர் உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார். வலது சினைப்பை கறுத்துப்போயிருந்தது, பிரித்துவிட்டுக் காத்துப் பார்த்தும் நிறம் திரும்பவில்லை, எடுக்கவேண்டியதாயிற்று. இடது பக்கம் நன்றாக இருக்கிறது. மாதவிலக்கு வரும், குழந்தை பிறக்கும், பயப்படத் தேவையில்லை.

"காலையில எட்டு மணிக்கே பாத்திருந்தா காப்பாத்தியிருக்கலாமா மேடம்?"

"அப்படி உறுதியா யாராலும் சொல்ல முடியாதும்மா. சில சமயம் மூணு மணி நேரத்துலயே போயிரும். சில சமயம் ஒரு நாள்கூடத் தாங்கும். சீக்கிரம் வந்தா வாய்ப்பு அதிகம். அவ்வளவுதான் சொல்லலாம்."

இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருப்பாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் தலையிலடித்துக்கொண்டு அழுதிருப்பாள். இரண்டுக்கும் வழியில்லாமல் போயிற்று.

மலேசியாவிலிருந்து திருப்பதி போனில் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கத்தவில்லை. "நீ அந்த வேலையிலதானடி இருக்க" என்றார். இரண்டு பக்கமும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

எட்டாம் நாள் வேலைக்குப் போனாள். டாக்டரம்மா அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அன்னைக்கு அஞ்சே முக்காலுக்கு ஒன்னோட மிஸ்டு கால் இருந்துச்சு. திருப்பி ரெண்டு தடவ அடிச்சேன். ஸ்விட்ச் ஆஃப்னு வந்துச்சு. ஏதோ அவசரம்னுதான் சீக்கிரமா வந்து ஒக்காந்திருந்தேன்."

போனை அணைத்து வைத்ததும் பொற்கொடிதான். டாக்டரம்மா அதற்குமேல் கேட்கவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. மேசையிலிருந்த டோக்கன் அட்டைகளை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் அவற்றை வரிசைப்படி அடுக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

மாப்பிள்ளை வீட்டில் மறைத்துவிடலாம் என்று அவள் சொன்னபோது, கார்த்திகா படுக்கையிலிருந்தபடியே போனை எடுத்து அரவிந்த்குமாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஆறுதலாகத்தான் பேசினான். ஒரு வாரம் தினமும் பேசினான். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை. கார்த்திகை பிறந்ததும் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து, ஜாதகத்தை இன்னொரு இடத்தில் பார்த்தோம், பொருத்தம் அவ்வளவாக இல்லை என்றார்கள். ஆளுக்கு ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். யாரும் சண்டை போடவில்லை. மாப்பிள்ளை வீட்டின் கண்ணில் படக் கூடாது என்று எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோன விஷயம், அந்த வீட்டிலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

மார்கழியில் அமுதவல்லி கடைசி ஸ்கேனுக்கு வந்தாள். நிறைமாதம். படுக்கையில் ஏற முடியவில்லை. பொற்கொடிதான் முதுகில் கை கொடுத்து ஏற்றினாள். பசையைத் துடைக்கப் பஞ்சு நீட்டினாள்.

"ரொம்பத் தேங்க்ஸ்க்கா" என்றாள் அமுதவல்லி.

கூடத்திலிருந்த எல்லாரும் பொற்கொடியை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

வீட்டில் கார்த்திகா பேசாமல் இல்லை. சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்பாள். கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்பாள். ஒரே ஒரு தடவைதான் அந்தப் பேச்சை எடுத்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமல்.

"வலிய நான் மறந்துட்டேம்மா. சேலைய இழுத்து மூஞ்சிய மூடுன பாரு. அதான் போகமாட்டேங்குது. நான் ஏதோ தப்புப் பண்ணிட்டு ஒளிஞ்சு போற மாதிரி இருந்துச்சு."

"ஒன் நல்லதுக்குத்தான ஆத்தா..."

"தெரியும்மா. அதான் ஒன்னைய ஒண்ணும் சொல்ல முடியல."

மாசி மாதம் கோயம்புத்தூரில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாக இருந்தாள். அதற்கு முன்னால் இடது பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று தஞ்சாவூர் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை, பொற்கொடியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு முன்வாசல் வழியாகவே வந்தாள். கூடத்தில் பதினைந்து பேராவது இருந்தார்கள். பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். மேசைக்கு வந்து சீட்டை நீட்டினாள்.

பொற்கொடி பேனாவைக் கீழே வைத்தாள். "பின்னால ரூம்ல உக்காரு ஆத்தா, நான் மொதல்ல அனுப்பிவிடறேன்" என்று மெதுவாகச் சொன்னாள்.

"எழுதும்மா. முறைப்படி வாரேன்."

எழுதினாள். டோக்கன் பதினொன்று. கார்த்திகா தானே தண்ணீர் பிடித்துக் குடித்தாள். கர்ப்பிணிகளுக்கு நடுவில், மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தாள். முகத்தை எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளவில்லை.

பத்து வெளியே வந்தது.

"பதினொண்ணு" என்றாள் பொற்கொடி.

கார்த்திகா எழவில்லை.

"பதினொண்ணு, வாங்க."

"எனக்குப் பேரு இருக்கும்மா" என்றாள் கார்த்திகா. குரல் உயரவில்லை, ஆனால் கூடத்துக்கே கேட்டது. "நோட்டுல எழுதுனேல்ல. அத வாசி."

பொற்கொடி பதிவேட்டைப் பார்த்தாள். தன்னுடைய கையெழுத்துத்தான். பதின்மூன்று வருஷமாக இந்தக் கூடத்தில் அவள் வாயிலிருந்து வராத வாசகம். மகள் காத்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவள் கண்ணில் ஏதாவது தெரியாதா என்று பார்த்தாள். தெரியவில்லை.

"கார்த்திகா" என்றாள். "தகப்பனார் பேரு திருப்பதி. வயசு இருபத்திரெண்டு."

தலைகள் திரும்பின. கர்ப்பிணிகளும், கூட வந்த மாமியார்களும் பார்த்தார்கள். ரோட்டில் ஒரு பஸ் போனால் பார்ப்பார்களே, அந்த அளவுதான். ஒருத்தி பிள்ளைக்குப் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள். ஒருத்தி போனுக்குத் திரும்பினாள். ஒருத்தி, "அக்கா மகளா? அப்படியே ஒங்க சாடைதான்" என்றுவிட்டுக் காலை மாற்றிப் பின்னிக்கொண்டாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பொற்கொடி நின்றுகொண்டே இருந்தாள். இதற்குத்தானா? இந்த ஒரு மூச்சு நேரத்துக்குத்தானா?

கார்த்திகா எழுந்து வந்தாள். ஸ்கேன் அறை வாசலில் பொற்கொடி வழக்கம்போலப் பஞ்சை எடுத்துக்கொண்டு கூடவே நுழையப் போனாள். "நீ வேலையப் பாரும்மா" என்றாள் மகள். பஞ்சை மட்டும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கதவு மூடிக்கொண்டது. உள்ளே டாக்டரம்மா, "வாடா கார்த்திகா, ஏறிப் படு" என்பது கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த எண்ணைத் தயாராக இருக்கச் சொல்ல வேண்டும். பொற்கொடி கூடத்தைப் பார்த்து நின்றாள். எண்ணைச் சொல்வதா, பெயரை வாசிப்பதா என்று தெரியவில்லை. பன்னிரண்டாம் டோக்கனை வைத்திருந்த பெண் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரும் கூப்பிடாமலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.